சில்லு வட்டமாகத்தான் இருக்கிறது, அப்பா

என் சாரதி அப்பாவுக்கு மூத்தவள் முத்தத்தோடு அனுப்பும் வெற்றிச் செய்தி.

நீங்கள் வென்றுவிட்டீர்கள். வழக்கு முடிந்தது, தீர்ப்பு உங்கள் பக்கம். அம்மா தன் வாயாலேயே சொன்னார், மாமா சாட்சி. முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அம்மா உங்களைச் சரி என்று ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்க நீங்கள் இல்லையே என்பது எனக்கு ஆறாத குறை. அதனால் ஒன்றும் விடாமல் சொல்கிறேன், ஆறுதலாக இருந்து கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்வேன். பக்கத்தில் நின்று படிக்கிறவர்களுக்கும் விளங்கவேண்டும் அல்லவா?

யாழ்ப்பாணத்துக்கும் காரைநகருக்கும் இடையில் முப்பது வருடம் பஸ் ஓடியவர் நீங்கள். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. தம்பி கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கணினியில் லொறி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். மேசையில் பூட்டுகிற ஸ்டியரிங் ஒன்று, காலுக்கு இரண்டு மிதி, சதுரமாக ஒரு பழைய திரை. உங்கள் வயதுக்காரர் வட்டுக்கோட்டைச் சந்தியில் நின்று அரசியல் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் ஐரோப்பாவில் எங்கேயோ மரக்குற்றி ஏற்றிக்கொண்டு போனீர்கள்.

"இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்? சாப்பிட வாங்கோவன்" என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிடுவார்.

"மலையிறக்கத்திலை நிக்கிறன். இப்ப கதை குடுக்காதை" என்பீர்கள்.

இந்த விளையாட்டை விளையாடுகிற எல்லோரும் நேரே சாரதி ஆசனத்தில் ஏறி ஓட்டத் தொடங்குவார்கள். நீங்கள் மட்டும் முதலில் பார்வையை வெளியே திருப்பி, லொறியை ஒரு சுற்றுச் சுற்றி, சில்லு ஒவ்வொன்றையும் பார்ப்பீர்கள். பஸ்ஸிலும் அப்படித்தான். சில்லுப் பாராமல் சீற்றில் ஏறியது கிடையாது. "கொம்பியூற்றர் லொறிக்கும் காத்துப் போகுமே அப்பா?" என்று நான் நக்கல் அடித்திருக்கிறேன். "போகாது எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டீர்கள்.

போன வருடம் தம்பி விடுமுறைக்கு வந்தபோது அகலமான புதுத் திரை ஒன்றை வாங்கித் தந்தான். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் அவசரம் அவசரமாகப் பூட்டினான். "பாருங்கோ அப்பா, விளிம்பு மட்டும் படம் நிறைஞ்சு நிக்குது" என்றான். மறுநாள் காலையில் நீங்கள் லொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆசனத்தில் ஏறவேயில்லை.

"உந்தத் திரையிலை சில்லு வட்டமாயில்லை. முட்டை மாதிரிக் கிடக்கு."

"பிள்ளை ஆசையா வாங்கித் தந்த சாமானுக்கு நொட்டை சொல்லாதேங்கோ" என்றார் அம்மா. "முட்டை உங்கடை கண்ணிலைதான்."

என்னைப் பார்த்தீர்கள். நான் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல், "எனக்குச் சரியாத்தான் தெரியுது" என்றேன். அப்பா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை இரத்தத்தைச் சோதிக்காமல் வாயால் சொல்லமாட்டேன். உங்களுக்கு மட்டும் சோதிக்காமலே முடிவு சொல்லிவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கண் டொக்டர் பார்த்துவிட்டு, வயதுக்கு நல்ல கண், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா நம்பவில்லை. "சில்லு வட்டமாத் தெரியாத மனிசன் றோட்டிலை எப்பிடிக் கார் ஓடுறது?" என்று காரின் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார். நீங்கள் சண்டை பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். பேசாமல் கொடுத்தீர்கள். முப்பது வருடம் ஊரையே ஏற்றி இறக்கியவர் வெள்ளிக்கிழமைகளில் ஓட்டோவின் பின்சீற்றில் கோயிலுக்குப் போனீர்கள். விளையாட்டையும் விட்டுவிட்டீர்கள். உங்கள் கண்ணை நீங்களே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டீர்களா அப்பா? அல்லது எங்களோடு கதைத்துப் பயனில்லை என்று விட்டீர்களா? ஐந்து மாதத்தின் பின் ஒரு விடியற்காலை நெஞ்சு நோகிறது என்றீர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

இனி உங்களுக்குத் தெரியாத கதை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். வருகிற எல்லோர் கையிலும் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில் உங்கள் படமும் வாழ்க்கை வரலாறும் வரவேண்டும். ஊரில் யாருக்குக் கல்வெட்டு என்றாலும் எழுதுவது அம்மாவின் தம்பி, நம்முடைய தமிழ் வாத்தியார் மாமாதான். உங்களுக்கும் எழுதிக்கொண்டு வந்து எழுந்து நின்று வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது, கடைசிப் பக்கம் வரும்வரை. அங்கே இப்படி ஒரு வரி: "கண்ணொளி குன்றிக் காரோட்டல் கைவிட்டுக் கலங்காது காலம் கழித்தார்."

"ஏழு ககரம்" என்றார் மாமா, தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொண்டு.

எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. ஆனால் மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நானே அல்லவா சரியாகத் தெரிகிறது என்று சொன்னவள்?

மறுநாள் காலை படம் தெரிவு செய்ய அம்மாவும் நானும் அந்தப் புதுத் திரைக்கு முன்னால் இருந்தோம். மாமா பத்து மணிக்கு வந்து அச்சகத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. கார்ப் பக்கத்தில் நீங்கள் வெள்ளை வேட்டியோடு நிற்கிற படத்தைத் திறந்தேன். அம்மா முகத்தைச் சுளித்தார்.

"இது கொப்பரே? ஏன் மனிசன் இப்பிடி ஊதிக் கிடக்கிறார்?"

நானும் பார்த்தேன். இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பியிருந்தன. அடுத்த படத்தில் நானும் ஊதியிருந்தேன். அதற்கடுத்ததில் அம்மா. பிறகுதான் என் கண் கீழே காருக்குப் போனது. அப்பா, காரின் சில்லு முட்டையாக இருந்தது.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்துத் திரையில் வைத்தேன். சில்லு குறுக்கே எட்டுச் சதமமீற்றர், நெடுக்கே ஆறு. அதே படத்தைக் கைபேசியில் திறந்தேன். அதில் வட்டம், அச்சொட்டான வட்டம்.

காரணம் அற்ப விசயம். பழைய சதுரத் திரையின் அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. புதியதற்கு அகலம் பதினாறு, உயரம் ஒன்பது. கணினிக்கு யாரும் திரை மாறியதைச் சொல்லவில்லை. அது பழைய கணக்கிலேயே, குறுக்கே 1024 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி என்று படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. திரை அதை வாங்கி விளிம்புவரை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்டது. உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஐந்து மாதமாக அம்மா அதில் நாடகம் பார்த்தார். நடிகைகள் எல்லாம் தடித்திருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாராம்.

விளையாட்டைத் திறந்தேன். உங்கள் லொறியின் பத்துச் சில்லும் முட்டை. திரை அமைப்புக்குள் போனேன். படத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு மூன்று வழி இருந்தது. திரையை நிரப்புவது முதலாவது, எங்களைக் கெடுத்தது அதுதான். உள்ள அளவிலேயே நடுவில் வைப்பது இன்னொன்று. அதைத் தொட்டதும் லொறி சுருங்கி நாலு பக்கமும் இருள் சூழ நின்றது. மற்றது, அகல உயர விகிதத்தைக் காப்பது. அதைத் தொட்டேன். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தது, இரண்டு பக்கமும் கறுப்புக் கரை விழுந்தது, நடுவில் உங்கள் லொறி நின்றது. நாடாவைப் பிடித்தேன். குறுக்கே ஆறு, நெடுக்கேயும் ஆறு.

நான் போட்ட சத்தத்தில் படலையடியில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த மாமா ஓடி வந்தார்.

ஊதின படங்களையும் முட்டைச் சில்லையும் பற்றிச் சொன்னோம். அவர் லேசில் விடவில்லை. "படம் எடுத்தவன்ரை பிழையாயிருக்கும் பிள்ளை" என்றார். அவர் கையிலேயே நாடாவைக் கொடுத்தேன். நிரப்புகிற வழிக்கு மாற்றினேன், எட்டும் ஆறும் என்று வாசித்தார். விகிதம் காக்கிற வழிக்கு மாற்றினேன், ஆறும் ஆறும் என்று வாசித்தார். மூன்று தரம் அளந்தார். பிறகு கார்ப் பக்கத்தில் நீங்கள் நிற்கிற படத்தைத் திறந்தேன். ஊதின கன்னம் வற்றி, நம்முடைய மெலிந்த, நெடிய அப்பா வேட்டித் தலைப்பைப் பிடித்தபடி நின்றீர்கள்.

அம்மா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.

"அந்த மனிசன் சரியாத்தானே சொல்லியிருக்கிறார்" என்றார். "நாங்கள்தான் குருடர்."

நான் அழவில்லை அப்பா, சிரித்தேன். கைதட்டினேன் என்றுகூட மாமா ஊரில் சொல்லித் திரிகிறார். செத்த வீட்டில் கைதட்டியவள் என்று எனக்குப் பெயர் வந்தாலும் வரட்டும்.

"தம்பி, அந்தக் கண்ணொளி வரியை வெட்டு" என்றார் அம்மா.

"அக்கா, அது ஏழு ககரம். மோனை கெட்டுப்போடும்."

"உன்ரை மோனையைக் கொண்டுபோய்க் கிணத்திலை போடு. நான் சொல்லுறதை எழுது. கடைசிக் காலை வரை கண் கூர்மையோடிருந்தவர்; அவர் சொல் கேளாதது எங்கள் பிழை."

"கல்வெட்டிலை ஆரும் பிழை ஒத்துக்கொண்டு எழுதிறேல்லை அக்கா."

"அப்ப இதுதான் முதலாவது."

மாமா விரல்விட்டு எண்ணினார். "ஐஞ்சு ககரம் வருது" என்றார் மெல்ல. "பரவாயில்லை."

அப்படியே அச்சில் வந்தது. அந்தியேட்டி அன்று நானே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். உங்களோடு பதினெட்டு வருடம் கொண்டக்டராக நின்றவர் அந்த வரியை உரத்து வாசித்துவிட்டு, "இவரின்ரை கண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டியளே? பொன்னாலைப் பாலத்திலை வரேக்கையே காரைநகரிலை ஆர் பஸ்சுக்கு நிக்கினம் எண்டு சொல்லுற மனிசன்" என்றார். பந்தல் முழுவதும் சிரித்தது. தம்பிக்கும் தொலைபேசியில் சொன்னேன். "அப்பாட்டை மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லு அக்கா" என்றான். சொல்லிவிட்டேன்.

விளையாட்டை அந்தக் கறுப்புக் கரையோடு விட எனக்கு மனம் வரவில்லை. பழைய விளையாட்டு, அதன் பட்டியலில் அகலத் திரையின் அளவே கிடையாது. அதன் அமைப்புக் கோப்பைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, உள்ளே 1920, 1080 என்று கையாலேயே எழுதினேன். முதல் தடவை லொறியின் தலையும் சில்லும் வெட்டுப்பட்டு நின்றன. பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சரிவந்தது. திரை முழுக்கப் படம், சில்லு வட்டம், தெருவின் இரண்டு பக்கமும் நீங்கள் ஒருபோதும் கண்டிராத வயலும் வீடும்.

நீங்கள் கடைசியாக நிறுத்திய இடத்திலேயே லொறி நின்றது. மரக்குற்றியோடு, தெருவோரத்தில் ஒதுக்கி, இஞ்சினை அணைத்து ஒழுங்காக விட்டிருந்தீர்கள். சில்லு பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "பார்த்து, பார்த்து, வளைவு" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு மதிலில் உரசினேன், நீங்கள் இருந்திருந்தால் இறக்கிவிட்டிருப்பீர்கள். கடைசியில் மரக்குற்றியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சரக்குத் தாமதம் என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது.

அம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். "தாமதம் அவராலை இல்லை, எங்களாலை எண்டு அதுக்குச் சொல்லு" என்றார்.

அப்பா, ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த வீட்டில் யாராவது ஒன்று சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால், அவர் கண்ணைப் பற்றி வாய் திறக்கமுன் எழுந்து போய் நாடாவைப் பிடித்து அளப்பேன். அம்மா சொன்னாலும் அளப்பேன், மாமா சொன்னாலும் அளப்பேன்.

உங்கள் சொல்லை ஆறு மாதம் பிந்தி நம்பிய,
உங்கள் மூத்த மகள்
தர்சினி