பூனைக்கு ஒரு கை, லாரிக்கு ஒரு கை

என் ரோசம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி மேலே ஏறும், கீழே இறங்கும், சில இடத்தில் சாலையை விட்டே போய்விடும். அறுபத்தெட்டு வயதில் பென்சில் பிடித்த கை இது. "ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்காதீங்க மிக்கேல்" என்று பாக்கியம் டீச்சர் வாராவாரம் சொல்கிறார்.

ஆமாம் ரோசம்மா, நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்! கோயில் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. நீ இருந்தபோது ஊருக்குப் போகும் கடிதமெல்லாம் நீயே எழுதி, அடியில் என் பெயரையும் நீயே போட்டுவிடுவாய். இப்போது என் பெயரை நானே போடுகிறேன். முதல் கடிதம் யாருக்கு என்று டீச்சர் கேட்டார். வேறு யாருக்கு?

இதைக் கோயில் பத்திரிகையில் போடப் போகிறார்களாம். அதனால் உன் குறட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நிம்மதியாகப் படி.

செய்தி இதுதான். நான் கார் ஓட்டுகிற நம் டாக்டர் ஐயா பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒரு ஜெர்மன் கார் வாங்கியிருக்கிறார். அதன் ஸ்டியரிங்குக்குள் ஒரு துணிப் பையை மடித்து வைத்திருக்கிறார்கள். கார் எதிலாவது மோதினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் பை உப்பி வந்து டிரைவரைத் தாங்கிக்கொள்ளுமாம். ஆனால் இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கார் ஓட்டத் தெரிந்தவனுக்குக் கேள்வி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எனக்கு அன்று இருந்த கவலை வேறு. டாக்டரம்மா எனக்குப் பதிலாக ஒரு சின்ன வயசு டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார். வண்டியை விட்டுவிட்டால் நான் ஈசூன் வீட்டில் உட்கார்ந்து எந்தச் சுவரைப் பார்ப்பேன்? புதுக் காரில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று நினைத்தேன். அதனால் முதல் வேலையாக, வழிப்பயணத்துக்குக் காவலாக நீ வாங்கித் தந்த புனித கிறிஸ்தோபரை எடுத்தேன்.

அந்தப் பித்தளைப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். உளுந்து வடை அளவு, ஆனால் நல்ல கனம். மாவு மில் வேனில் இருபது வருஷம், பிறகு டாக்டரின் பழைய காரில். ஆனால் புதுக் காரின் முன்பலகை வளைந்து வளைந்து போகிறது. படம் எங்கே வைத்தாலும் வழுக்குகிறது. தட்டையான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு நட்டநடுவே. இரண்டு குழாய் கலந்து பூசும் பசை வாங்கி, அழுத்தி ஒட்டி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்தேன். என்ன அழகு என்கிறாய்! பலாவில் சுளை வைத்தது போல.

ஒரு வாரம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காரைக் காட்ட நம் மகள் பிலோமினா வீட்டுக்குத் தெம்பனிஸுக்குப் போனேன். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நீ எத்தனை முறை கேட்டும் எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. ஏதோ பெட்டி, ஏதோ கம்பி என்பேன். அன்று தெரிந்தது. இந்தப் பை எப்போது வெடிக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற பெட்டியைத்தான் அவள் ஃபேக்டரியில் சோதித்துப் பார்க்கிறார்கள்!

கார் பார்க்கில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா! இத யாரு இங்க ஒட்டுனது?"

"நான்தாம்மா. கோணலா இருக்கா?"

"இறங்குங்க. மெதுவா. ஹாரன்ல கை வைக்காதீங்க."

"ஏம்மா?"

"இதுக்குப் பின்னால ஏர்பேக் இருக்குப்பா. எங்கயாவது மோதுனா கிறிஸ்தோபர் நேரா உங்க மூஞ்சிக்கு வருவாரு லா!"

"புனிதர் அப்படிச் செய்ய மாட்டாரும்மா."

"அவரு செய்ய மாட்டாரு. பை செய்யும்."

படத்தைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார். பிடுங்கக் கூடாது, தட்டக் கூடாது, வேர்க்ஷாப்பில்தான் கழற்ற வேண்டுமாம். அப்படியானால் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். என் டிரைவர் வேலை அன்றோடு போயிற்று என்று நினைத்தேன். பிலோமினாவே போன் செய்தாள். டாக்டர் டாக்ஸி பிடித்து வருவதாகச் சொன்னார்.

அவர் வரும்வரை அவள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். நான் காரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கவனத்தைத் திருப்பத்தான் அவள் தன் வேலையைச் சொல்ல ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் காரில் இருக்கும் பைக்குத் தெரிந்தது ஒரே பலம்தான். வெடித்தால் முழுசாக வெடிக்கும். நடுத்தரமாக மோதினாலும் அதே அடி, லாரியில் போய் விழுந்தாலும் அதே அடி. ஒல்லியான ஆள், ஸ்டியரிங்கை ஒட்டி உட்காருகிற ஆள் என்றால் பையே காயப்படுத்திவிடும். புது மாதிரிப் பையில் அதை உப்பவைக்கப் பட்டாசு மருந்து போல இரண்டு இருக்குமாம். இவள் சோதிக்கும் பெட்டி, காரின் வேகம் எவ்வளவு சடாரென்று குறைகிறது என்று அளந்து பார்க்கிறது. லேசான இடியா, பை வேண்டாம், பெல்ட் போதும். நடுத்தரமா, ஒரு மருந்தை மட்டும் கொளுத்து, பை மெத்தென்று வரட்டும். பெரிய மோதலா, இரண்டு மருந்தையும் கொளுத்து.

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். ரோசம்மா, இது உன் கை அல்லவா?

மில் வேலை முடிந்து வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாயே. நான் லேசாக பிரேக் போட்டால் "த்சொ" என்பாய், கை மடியிலேயே இருக்கும். கொஞ்சம் அழுத்திப் போட்டால் உள்ளங்கை வந்து என் நெஞ்சில் படும். சடன் பிரேக் என்றால் "சேசுவே!" என்று முழங்கையோடு மொத்தக் கையும் வரும். வண்டி ஓட்டுகிறவனை, பக்கத்தில் இருப்பவள் தாங்குகிறாள்! பெல்ட் சட்டம் வந்த பிறகும் நீ விடவில்லை. "அதான் பெல்ட் போட்டிருக்கேனே" என்றால், "பெல்ட்டுக்கு உங்களத் தெரியுமா?" என்று கேட்டாய்.

இதை மகளிடம் சொன்னேன். சிராங்கூன் சாலையில் அந்தப் பூனை குறுக்கே வந்ததையும் சொன்னேன். நான் போட்டது சின்ன பிரேக். நீ இரண்டு மருந்தையும் கொளுத்திவிட்டாய். மூக்குக் கண்ணாடி உடைந்து, ஒரு வாரம் எனக்கு இருமினால் விலா வலித்தது. பூனை நன்றாக இருந்தது.

பிலோமினா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்பா, எங்க பெட்டிக்கும் அதே வியாதிதான். ரோட்டோரக் கல்லுல சக்கரம் இடிச்சாலே லாரின்னு நெனச்சு பயப்படுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். உனக்குத் தெரியுமே, யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றியில் திருநீறு, கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். குனிந்து ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"உது நீர் ஒட்டினதோ?"

"ஆமாங்கையா. மன்னிக்கணும்."

"ஒரு கிழமையா நான் உதைப் பாக்கிறன். காரோட வந்த மார்க் எண்டெல்லோ நினைச்சனான்!"

பிலோமினா திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "என்ர மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். அவ அப்பவே கேட்டவ, நான்தான் கொம்பனி அடையாளம் எண்டு விளங்கப்படுத்தினனான்."

வேலை போகவில்லை, ரோசம்மா. அவர் ரகசியம் என்னிடம் இருக்கிறது. என் ரகசியம் அவரிடம். (டாக்டரம்மாவுக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற வழக்கம் இல்லை. இந்துக் கோயில் பக்கம்தான் போவார். எதற்கும் டீச்சரிடம் கேட்டுவைக்கிறேன்.)

வேர்க்ஷாப்பில் பேட்டரியைக் கழற்றி, ஸ்டியரிங் மூடியையே மாற்றினார்கள். கிறிஸ்தோபர் முதுகில் கொஞ்சம் கறுப்புத் தோலோடு திரும்பி வந்தார். காரில் எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால், பிலோமினா ஒரு அட்டையில் தமிழில் பெரிசாக எழுதி, வெயில் மறைப்பானில் செருகினாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன்: "ஸ்டியரிங்கில் எதையும் ஒட்டக் கூடாது. புனிதர்களையும்." வண்டியில் எழுத்தெல்லாம் நீதான் படித்துச் சொல்வாய்; நீ பக்கத்தில் இல்லாமல் ஒரு வண்டிக்குள் நானே படித்த முதல் எழுத்து இது. இப்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் படிக்கிறேன். பச்சை விழுந்ததும் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிறான்.

படத்தைச் சட்டைப் பையில் வைக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். கனமானது எதுவும் நெஞ்சில் கூடாது என்றாள். அதனால் அது இப்போது வீட்டில், உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் பெல்ட் மட்டும்தான். பிரேக் போடும்போது பெல்ட் இறுகுகிறது. ஆனால் "த்சொ" என்று சொல்லத் தெரியவில்லை அதற்கு.

வியாழக்கிழமை பிலோமினாவின் பெட்டிக்குப் பெரிய சோதனை. இரும்பு வண்டியில் பொம்மையை உட்காரவைத்து மோதப்போகிறார்கள். கல் இடித்தால் பெட்டி சும்மா இருக்கிறதா, லாரி வந்தால் எழுந்திருக்கிறதா என்று அன்று தெரிந்துவிடும். அவள் ஞாயிறு சாப்பிட வருகிறாள். அவள் கிளம்பிப் போனதும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பொம்மையின் கண்ணாடி உடைந்ததா இல்லையா என்று உனக்கு எழுதுகிறேன். இது சத்தியம். அதுவரை பூனைகளைப் பார்த்து பிரேக்கை மெதுவாகவே போடுகிறேன்.

நீ கையை மடியிலேயே வைத்துக்கொள்.

உன் கை பட்ட நெஞ்சோடு,
உன் வீட்டுக்காரர்
மிக்கேல்
(நானே போட்ட கையெழுத்து)