வாய் மட்டும் அசைந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நீயும் உன் மகளும் மருமகனும் பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். பதினொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைப் போனில் சொன்னால் என்னவாம் என்று நினைப்பாய். அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. மாடியில் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. சமையல்காரம்மா நின்றுவிட்டாள். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னொரு ஆள் எதுக்கும்மா என்று அவளே கேட்டுவிட்டுப் போனாள். சினிமாவில் போன வருஷம் ஒரே ஒரு படம். கதாநாயகனின் செத்துப்போன அம்மா நான், சுவரில் போட்டோவாகத் தொங்குகிறேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. டப்பிங் செலவு மிச்சம் என்று தயாரிப்பாளர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அதனால்தான் மறுபடி நாடகத்துக்கே போனேன். நம் பழைய குழுவை இப்போது முதலாளியின் மகள் நடத்துகிறாள். சிறையிலிருந்து திரும்பி வரும் மகனை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசுகிற அம்மா வேடம் கொடுத்தாள். மூன்று பக்க வசனம். ஒத்திகை முழுக்கக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

முந்தாநாள் முதல் காட்சி. முகத்தில் விளக்கு விழுந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, மூன்று பக்கத்தில் பாதியை உருகிப் பேசிவிட்டேன். திரை மறைவில் வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவர் முதல் வரியை எடுத்துக்கொடுத்தார். பிறகு அதையே இன்னும் சத்தமாகக் கொடுத்தார். நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனே, இந்த மனுஷன் ஏன் நடுவில் மூக்கை நுழைக்கிறார் என்று எனக்குக் கோபம். அப்புறம் முன்வரிசையிலிருந்து ஒருவர், சத்தமே வரலைங்க என்று மரியாதையாகச் சொன்னார்.

வரவில்லைதான் அக்கா. வாய் மட்டும்தான் அசைந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் படப்பிடிப்பில் நான் அழுகைக் காட்சிக்குக் குரல் கொடுத்ததே இல்லையே. தொண்டையை இழுத்தால் கழுத்து நரம்பு புடைக்கும், உதட்டை மட்டும் அசைங்க என்று முதல் படத்திலேயே ஒளிப்பதிவாளர் பழக்கிவிட்டார். சத்தத்தைத்தான் நீ பிறகு டப்பிங்கில் வந்து கொடுப்பாயே. விளக்குச் சூடு பட்டதும் உடம்பு அந்தப் பழக்கத்துக்கே போய்விட்டது.

ஒருவழியாகப் பேசி முடித்தேன், என் சொந்தக் கட்டைக்குரலில். இரண்டாவது வரிசையில் ஒரு பெண், இது அவங்க குரல் மாதிரியே இல்லையே, தொண்டை கட்டிருச்சு போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. அவள்மேல் தப்பில்லை. இந்த முகத்துக்கு உன் குரல் என்றுதான் ஊரே பழகியிருக்கிறது.

இனி அந்த விருது விழாவைப் பற்றி எழுத வேண்டும். நாம் இரண்டு பேரும் இதுவரை வாயைத் திறந்து பேசாத விஷயம். அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் அப்படியொரு அழுகை எப்படி வந்தது என்று மேடையில் கேட்டார்கள். நாலாவது வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். நீ மடியில் வைத்திருந்தது என் கைப்பை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், அது தானா வந்துச்சுங்க என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

வீட்டுக்கு வரும்போது காரில், கண்ணாடியை ஏத்து, காத்து அடிக்குது என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரம் ஒரே ஒரு பெட்டியோடு, ஒரு மாசம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். அந்த ஒரு மாசம்தான் இன்னும் முடியவில்லை.

அது தானாக வரவில்லை அக்கா. டப்பிங் அறையில் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெந்நீரைக் குடித்துக் குடித்து ஒன்பது முறை அழுதாய். திரையில் நான் எங்கே மூச்சு இழுக்கிறேன் என்று பார்த்துப் பார்த்து அதே இடத்தில் இழுத்தாய். நான் அந்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் தூங்கிவிட்டேன். பொய் சொன்னேன், தெரிந்தே சொன்னேன். என்னை மன்னித்துவிடு.

முந்தாநாள் நாடகம் முடிந்ததும் முதலாளியின் மகள் மைக்கில் என் படங்களின் பெயரை வரிசையாகச் சொன்னாள். நான் மைக்கை வாங்கி, அதிலெல்லாம் பேசியது என் அக்கா என்றேன். நாலைந்து பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரொம்பத் தாமதமாகச் சொன்னால் அப்படித்தான்.

மத்தியானங்களில் நம் பழைய படங்கள் டி.வி.யில் வரும். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். என் முகத்தை நான் ஏன் பார்க்க வேண்டும்? பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டால், நீ கூடத்தில் உட்கார்ந்து யாரிடமோ பேசுவது போலிருக்கும். படம் முடிந்து விளம்பரம் வரும்போதுதான் வீட்டில் யாருமில்லை என்பது உறைக்கும்.

இப்போது போன் விஷயம். வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை, காலையில் உன் வீட்டுக்கு ஒரு அழைப்பு வரும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். யாருங்க, யாரு வேணும் என்று நீ கேட்பாய். போன தடவை, வேலை வெட்டி இல்லாதவங்க என்று திட்டிவிட்டு வைத்தாய். நான்தான் அது. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். முந்தாநாள் மேடையில் நின்ற பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். சத்தம் வராவிட்டால் வைத்துவிடாதே. இந்தப் பக்கம் என் வாய் அசைந்துகொண்டிருக்கும். என்ன சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் எனக்காகப் பேசியிருக்கிறாய், இந்த ஒரு தடவை மட்டும் பேசாமல் காத்திரு. கட்டைக்குரலாக இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் ஆசீர்வாதம் வேண்டும்
உன் தங்கை