ரேவதி திருப்பிக் கொடுத்த சீட்டு

என் செல்லத் தம்பி சகாயத்துக்கு,

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி குலுக்குகிற குலுக்கில் எழுத்து கோணலாகத்தான் வரும். என் கையெழுத்தைக் கிண்டல் செய்வாயே, இப்போது தாராளமாகச் செய்துகொள்.

நீ போன பிறகு நான் என்ன ஆனேன் தெரியுமா? கல்லூரியில் நான் எடுப்பது அதே கணக்கு வகுப்புதான். கூடவே மாணவர் மனநல வகுப்பையும் என் தலையில் கட்டி, விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். மனதில் வரும் வேதனையை விரட்டாதே, இருக்கிறது என்று ஒப்புக்கொள், அதையும் கூட வைத்துக்கொண்டே உனக்கு முக்கியமானதைச் செய் என்பதுதான் பாடம். பிள்ளைகள் தங்களை அரிக்கும் நினைப்பைச் சீட்டில் எழுதி, வாரம் முழுக்கப் பையில் வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். நாங்கள் படிக்கக் கூடாது. நல்ல பாடம்தான்டா. உனக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால்?

ரேவதி பெருமுக்கல் பெண், இரண்டாம் ஆண்டு. ஐந்து வாரமாக அழுதுகொண்டே சீட்டைச் சுமந்தவள், வெள்ளிக்கிழமை அதை என் மேஜையில் வைத்தாள்.

"இனிமே இது வேணாம் மிஸ். எல்லாத்தையும் ஏத்துக்கினேன். மனசு லேசா இருக்குது."

சிரித்தாள். நான் பூரித்துப்போய் அவள் பெயருக்கு நேராக 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கூட வைத்துக்கொள்ளத்தானே சீட்டு, ஏன் திருப்பிக் கொடுக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை. மடச்சி.

இன்று காலை அவள் வரவில்லை. அவளுடைய கால்குலேட்டர் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இருந்தது. "என்னையே வச்சிக்கச் சொல்லிட்டா மிஸ். நோட்டெல்லாம்கூட குடுத்துட்டா" என்றாள். பிரிக்கக் கூடாது என்ற விதியாவது ஒன்றாவது, சீட்டைப் பிரித்தேன். 'நான் இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பாரம் குறையும்' என்று எழுதியிருந்தது.

நீயும் உன் கால்குலேட்டரை உன்னோடு படித்த கெடார் ஊர்ப் பையனிடம் கொடுத்தாயே. அரியர், அப்பாவின் திட்டு என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவன், அந்தக் கடைசி வாரம் மூன்று வேளையும் சாப்பிட்டாய். அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டாய். அம்மா கோவிலுக்கு ஓடி, மாதாவின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டி நன்றி சொன்னாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். நீ தெளிந்துவிட்டாய் என்றுதான் நினைத்தோம். அந்த வாரத்தில் ஒரு நாள் உன்னைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருந்தால், சொல்லியிருப்பாயா?

ரேவதியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அது நல்லாத்தான் இருக்குது மிஸ். காலைலயே வூடெல்லாம் பெருக்கி, துணியெல்லாம் மடிச்சி வச்சிக்கினு இருக்குது. இப்பதான் எம்பொண்ணு மூஞ்சில சிரிப்பப் பாக்கறேன்."

"இன்னிக்கி வேலைக்குப் போவாதீங்கம்மா. நான் வர்ற வரிக்கும் அவ பக்கத்துலயே உக்காந்துக்கினு இருங்க."

"என்னா மிஸ், இப்பிடி பேஜார் பண்றீங்க?" என்றார். கூடையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, போவல. நீங்க ஜல்தியா வாங்க."

இப்போது மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில்தான் இருக்கிறாளாம். நான் வருவதைச் சொன்னதும் கேட்டாளாம்: "மிஸ் எதுக்கு வர்றாங்க? நான்தான் சரியாயிட்டேனே." பெருமுக்கல் மலை தெரிகிறது. ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவகாசமாக நிற்கிறார்.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயந்து உன்னிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று பயிற்சியில்தான் தெரிந்தது. இன்று சுற்றி வளைக்க மாட்டேன், சகாயம், உன் மேல் சத்தியம். அவளருகே உட்கார்ந்து, "சாவணும்னு நெனைக்கிறியா ரேவதி?" என்று கேட்பேன். அவள் வாய் திறக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். ஆமாம் என்றால் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இல்லை என்று சிரித்தாலும் கூட்டிப்போவேன்.

நிறுத்தம் வந்துவிட்டது. இறங்குகிறேன்.

உன் சிரிப்பை நம்பிவிட்ட அக்கா,
சலேத்மேரி