வலது மேல்பக்கத்து நிழல்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து காற்று. ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் மேசையெல்லாம் மணல். எக்ஸ்ரே அறையில் மட்டும் ஏசி. அது இயந்திரத்துக்கு, எங்களுக்கு அல்ல.

பயிற்சிப் புத்தகம், இன்று காலை வரை:
கை, கால் – முடிந்தது.
நெஞ்சுப் படம் – 47. ஐம்பது வேண்டும்.
திரும்ப எடுத்தவை – 9.

பத்தாவது விழுந்தால் இன்னொரு மாதம் பயிற்சி. அது படிக்கிற இடத்துச் சட்டம். வெள்ளிக்கிழமை எனக்குப் பழக்கும் நிமல் சேர் கையெழுத்து வைத்துவிட்டால் இந்த ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது. ஒன்பதில் நாலு என் பிழை. மிச்சம் மூச்சைப் பிடிக்கத் தெரியாத சனம். ஆனால் ஒன்பதும் என் பெயரில்தான்.

உதவியாளர் ஜெஸீமா ராத்தா லீவு. பெண்களை உடை மாற்ற வைப்பது அவர் வேலை. இன்று நான்தான் திரைக்கு வெளியே நின்று கத்தினேன். "ஸ்கார்ஃப் ஊசி, மாலை எல்லாம் கழட்டியாச்சா?" உள்ளேயிருந்து "ஓம்." அவ்வளவு போதும். ஆஸ்பத்திரிக் கவுனுக்கு மேலே ஸ்கார்ஃபோடுதான் வருவார்கள். துணி படத்தில் விழாது. விடலாம்.

பதினொரு மணிக்கு உச்சமுனைத் தீவிலிருந்து ஒரு பெண். (பெயர் எழுதப் போவதில்லை.) மூன்று கிழமையாக இருமல். கூட வந்த புருஷன் கையில் நாலு மாதப் பிள்ளை.

"தம்பி, ரெண்டு மணிக்குக் கற்பிட்டியில போட் வெளிக்கிடும். விட்டா நாளைக்குத்தான். கொஞ்சம் கெதியா."

எனக்கும் கெதிதான் வேண்டும். வெளியே பதினாறு பேர்.

ஒரே தரத்தில் நல்ல படம். பத்து விலா எலும்பும் தெளிவு. தோள்பட்டை எலும்பு விலகி நிற்கிறது. வலது மேல்பக்கத்தில் நிழல், பாடப்புத்தகத்தில் போடலாம். நிமல் சேர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி சிங்களத்தில் "ஹொந்தாய் மல்லி", நல்லம் தம்பி, என்றார். டொக்டர் காசநோய்ச் சந்தேகம் என்று எழுதினார். சளிப் பரிசோதனை, அடுத்த கிழமை நெஞ்சுநோய் கிளினிக்.

48.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரை மணித்தியாலம் கரண்ட் இல்லை. மத்தியானம் ரொட்டி, பருப்பு. பருப்பில் உப்பில்லை. உப்பளம் நிறைந்த புத்தளத்தில் இருந்துகொண்டு உப்பில்லாமல்.

எலுவன்குளத்திலிருந்து ஒரு விவசாயி. மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றேன்.
"எவ்வளவு நேரத்துக்கு?"
"நான் விடச் சொல்லும் வரைக்கும்."
"நீங்க மறந்துபோனா?"

49.

ஜெஸீமா ராத்தா வந்துவிட்டார். தங்கச்சி வீட்டுக் கலியாணமாம். வட்டிலப்பம் ஒரு துண்டு தந்தார்.

பின்னேரம் சனம் குறைவு. அடுத்த மாத வாய்மொழிப் பரீட்சைக்கு ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். நேற்றைய உச்சமுனைப் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கணினித் திரையில் திறந்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன்.

நிழல் காறை எலும்போடு நிற்கவில்லை. அதைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறுகிறது. ஒரே இடைவெளியில் தடித்து, மெலிந்து, தடித்து, மெலிந்து. நுரையீரல் கழுத்து வரை போகாது. முறுக்கிக்கொண்டும் வளராது.

ராத்தாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், படத்துக்கு முதல் பெண்களிடம் என்னென்ன விசாரிப்பீர்கள் என்று.
"ஊசி, மாலை, உள்ளுடுப்புக் கொக்கி, தாயத்து, தலைமயிர்."
"தலைமயிரா?"
"சடையத் தூக்கி உச்சியில முடியச் சொல்லுவன். குளிச்ச ஈரத்தோட முன்னுக்குப் போட்டு, ஸ்கார்ஃபுக்குள்ள மறைச்சிட்டு வருவாங்க. உங்களுக்கென்ன தெரியும், நீங்க பார்க்கிற சாமானா அது?"

சிரித்தார். நான் படத்தை மூடினேன்.

சடையாக இல்லாமலும் இருக்கலாம். சளி முடிவு வந்தால் தெரிந்துவிடும். யாரும் கேட்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று தணிந்திருக்கிறது. பத்து மணிக்கு ஐம்பதாவது நெஞ்சுப் படம். சந்தோஷம் வரவில்லை.

உச்சமுனைப் புருஷன் சளிப் போத்தல் கொடுக்க வந்து வாங்குப் பலகையில் இருந்தார். தனியாக. பேசாமல் போயிருக்கலாம். பிள்ளை எப்படி என்று கேட்டேன்.

"என்ட உம்மா அவட்ட இருந்து எடுத்திட்டாங்க தம்பி. டொக்டர் சந்தேகம் எண்டுதான் எழுதினது. எங்கட ஊருக்கு அந்தச் சொல்லு ஒண்டே காணும். அவ வலை போடுற வாடிக் குடிசையில தனியப் படுக்கிறா. கிணத்தடிக்குப் போனா மத்தப் பொம்பிளைகள் வாளியத் தூக்கிட்டு எழும்பிப் போறாங்க. புள்ளைக்கு மாப்பால் கரைச்சுக் குடுத்தா துப்புது. அவவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல்."

"அடுத்த கிழமை கிளினிக் முடிஞ்சா…" என்று தொடங்கினேன்.

"இப்பிடியே போனா அதுக்குள்ள பால் வத்திடும் எண்டு மிட்வைஃப் மிஸ் சொன்னா."

நிமல் சேரிடம் போனேன். படத்தைக் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார்.
"சளி ரிசல்ட் வரும் தானே. வந்தா சரி தானே. வெள்ளிக்கிழமை சைன் மல்லி. ஏன் நீ கிண்டுறது?"

கெட்ட மனிதர் இல்லை. இடமாற்றத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார். அதுவரைக்கும் சத்தம் வேண்டாம் அவருக்கு.

படத்தோடு டொக்டரிடம் போனேன்.
"யார் எடுத்த படம்?"
"நான்."
"தலைமயிரைப் பத்திக் கேட்டீங்களா?"
"இல்ல."
கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்தார். "நிழல் எங்க முடியுதெண்டு நானும் பார்க்கல்லையே." புதுப் படத்துக்கு எழுதித் தந்தார்.

புருஷன் இன்னும் வாங்கில்தான். முதல் படம் பிழை, பிழை என்னுடையது, நாளைக்கு மனைவியைக் கூட்டி வாருங்கள் என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.
"உம்மாவையும் கூட்டிட்டு வாறன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் போட்டிலேயே வந்துவிட்டார்கள். வாங்கின் ஒரு நுனியில் மாஸ்க் போட்டுக்கொண்டு அந்தப் பெண். மறு நுனியில் பிள்ளையோடு அவருடைய மாமி, புருஷனின் உம்மா. நடுவில் புருஷன்.

மாமி என்னைக் காட்டி ராத்தாவிடம், "இவரா படம் புடிச்ச டொக்டர்?"
"டொக்டர் இல்ல, படிக்கிற புள்ள."
"அதானே பார்த்தன்."

திரைக்குப் பின்னால் ராத்தாவின் குரல். "அண்டைக்குச் சடைய எங்க போட்டீங்க?"
"முன்னுக்கு. புள்ள புடிச்சு இழுக்கும், அதால ஸ்கார்ஃபுக்குள்ள தள்ளி விட்டன். சுபஹுத் தொழுகைக்கு முந்திக் குளிச்சது, காயல்ல."
ஸ்கார்ஃப் ஊசி தட்டில் விழும் சத்தம். பிறகு, "அதுவா? என்ட தலைமயிரா?"

சடை உச்சியில், ஸ்கார்ஃப் அதற்கு மேல். வந்து நின்றார். தாடையைத் தட்டில் வைக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வெளியே பிள்ளை கத்தியது. கவுனின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பெரிதாகிக்கொண்டே போனது.

ஈரமும் நிழல் விழுத்தும். கவுனை மாற்ற வேண்டும் என்றேன், வேறு பக்கம் பார்த்து. ராத்தா துவாயும் புதுக் கவுனும் கொண்டு வந்தார். மாமி பிள்ளையை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய் அழுகை கேட்காமல் போகும் வரை படம் எடுக்கவில்லை. ஏழு நிமிடம். வெளியே இருபது பேர். நிமல் சேர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

படம்.

வலது மேல்பக்கம் சுத்தம். விலா எலும்பு, மெல்லிய இரத்தக் குழாய்க் கோடுகள், கறுப்பு. வேறொன்றுமில்லை.

டொக்டர் சொன்னார்: நெஞ்சில் ஒன்றுமில்லை, மருந்து குடிக்க இருமல் நிற்கும், சளி முடிவும் வரட்டும், பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை. மாமிக்கு அது போதாது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். பழைய படத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"பின்னல்தான்." என் பக்கம் திரும்பினார். "ஊசியக் கேட்ட வாயால இதையும் கேட்டிரிக்கலாமே. பொம்பிளட தலையப் பத்திக் கேக்க வெக்கமா?"
"வெக்கமில்ல. அவசரம்."
"உங்கட அவசரத்துக்கு அவ மூணு ராவு வாடியில கிடந்தா."

வாடிக்கு அனுப்பியது நீங்கள்தானே என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

மாமி பிள்ளையை நீட்டினார். தாய் வாங்கிக்கொண்டு நேரே திரைக்குப் பின்னால் போனார். என்னைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும். உள்ளே பிள்ளை அவசரமாக விழுங்கும் சத்தம். ராத்தா கதவடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். நானும் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒன்பது மணிக்கு மழை, முற்றம் நனையுமுன் நின்றது. முதல் சளி முடிவு வந்தது: கிருமி இல்லை.

நிமல் சேர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "டொக்டர் புதுப் படம் கேட்டார் எண்டு போடு. அப்ப திரும்ப எடுத்ததில வராது" என்றார். பேனையும் தந்தார்.

திரும்ப எடுத்தவை – 10. காரணம்: சடை. நான் கேட்கவில்லை.

வாசித்தார். "பிஸ்ஸுடா உனக்கு, பைத்தியமா" என்று சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. ஒரு மாதம் மேலதிகப் பயிற்சி என்று எழுதி, கீழே கையெழுத்து. செப்டெம்பர் முழுக்க இங்கேதான். வாப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன். "நல்லம், இன்னும் ஒரு மாசம் வீட்டுச் சோறு."

ஜும்ஆவுக்கு முதல் ஒரு நெஞ்சுப் படம், பள்ளிவாசல்துறைப் பெண். திரைக்கு வெளியே நின்றேன். ஊசி? மாலை? தாயத்து? தலைமயிர்?

"நான் எல்லாம் கேட்டாச்சு தம்பி!" உள்ளேயிருந்து ராத்தா.

இன்னொரு தரம் கேளுங்கள் என்றேன்.