டாக்டர் சொல்லாத தடையை நீக்கி, என் மகளுக்குத் தடுப்பூசி போடக் கோரும் மனு

அனுப்புநர்:
மெத்தை தைக்கும் தொழிலாளி,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.
(குழந்தை அட்டை எண் 212-இன் தகப்பன்)

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
வட்டார சுகாதார அலுவலகம்.

பொருள்: பதிவேட்டில் உள்ள தவறான குறிப்பால் ஏழு மாதப் பெண் குழந்தைக்குத் தடுப்பூசி மறுக்கப்படுவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, ஆஸ்துமா. இளையவளுக்கு ஏழு மாதம். பிறந்த அன்று போட்டதைத் தவிர ஒரு ஊசியும் போடவில்லை. போட வேண்டும் என்று நான்கு முறை எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான்கு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2. மறைக்காமல் எழுதுகிறேன்: இதற்கெல்லாம் தொடக்கம் என் வாய்தான். இளையவளை ஆறாவது வாரத்து ஊசிக்குக் கொண்டுபோனபோது, மூத்தவன் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த எரிச்சலில் நிலையத்து நர்ஸம்மாவிடம், "பெரியவனுக்கு ஊசி போட்ட பிறகுதான் இந்த இழுப்பே வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நர்ஸம்மா தங்கமான மனுஷி. "அப்ப எதுக்கும் கொஞ்ச நாள் பார்ப்போம் அண்ணா" என்றார்.

3. ஊசி போடாததற்குக் காரணம் குறிக்கப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்தாம் உள்ளன: காய்ச்சல், வெளியூர், டாக்டர் ஆலோசனை. தகப்பன் உளறினான் என்று நான்காவது கட்டம் இல்லை. நர்ஸம்மா மூன்றாவதில் டிக் அடித்து, குழந்தை அட்டையிலும் அதையே எழுதிவிட்டார்.

4. அடுத்த மாதம் மூத்தவனைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் என் வேலையைப் பற்றி விசாரித்தார். பஞ்சுத் தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருகிறேன், மீந்த பஞ்சு மூட்டையைப் பையன் படுக்கும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்துமாவுக்குப் பல காரணங்கள் உண்டு, தூசி அதைக் கிளப்பிவிடும், தடுப்பூசியால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, அண்ணனுக்கு ஆஸ்துமா என்று தங்கைக்கு ஊசியை நிறுத்தவே கூடாது என்று விளக்கினார். ஊசிமேல் பழி போடுவது எனக்கு வசதியாக இருந்தது, அம்மா. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

5. மறுநாளே நிலையத்துக்கு ஓடினோம். டாக்டர் போட்ட தடையை அந்த டாக்டரேதான் நீக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டரின் சீட்டைக் காட்டினோம். தடை போட்டது இவரா என்று கேட்டார்கள். இல்லை. நிலைய டாக்டரோ, "நான் எழுதாததை நான் எப்படிம்மா அடிக்கிறது?" என்று என் மனைவியிடம் கேட்டார். நர்ஸம்மா தன் தவறுதான் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். நர்ஸ் கையெழுத்து செல்லாதாம். இல்லாத டாக்டரை நான் எங்கே போய்க் கூட்டி வருவேன்? "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று மனைவி தினமும் கேட்கிறாள்.

6. இதற்கிடையில், எங்கள் அட்டையைப் பார்த்த அக்கம்பக்கத்தாரிடையே, "டாக்டரே வேணாம்னுட்டாராம்" என்று பேச்சு பரவியது. கீழ்வீட்டுப் பெண் தன் மூன்று மாதக் குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போட்டாள். அந்தக் குழந்தை இப்போது கக்குவான் இருமலோடு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. போன திங்கட்கிழமை படியில் என்னைப் பார்த்தபோதும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

7. ஆகவே, அந்தக் குறிப்பை நீக்கி, வரும் புதன்கிழமையே என் மகளுக்கு விடுபட்ட ஊசிகளைத் தொடங்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நர்ஸம்மாமீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். கூடவே, எந்த டாக்டரும் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை, அது ஒரு தகப்பன் தெரியாமல் பேசிய பேச்சு என்று தங்கள் கையொப்பத்தோடு நிலைய வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டச் செய்யுங்கள். அந்தத் தகப்பன் யார் என்று என் பெயரையும் வீட்டையும் பெரிய எழுத்தில் போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இணைப்பு: குழந்தை அட்டை நகல், ஆஸ்பத்திரி டாக்டரின் சீட்டு, நர்ஸம்மாவின் கடிதம்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: வெள்ளிக்கிழமை, 9ஆம் தேதி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)