நான் சாட்சி சொல்வேன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகன் ஜோஷுவாவுக்கு,

உன்னையும் ரீபாவையும் குழந்தையையும் கர்த்தர் தோஹாவில் நல்ல சுகத்தோடு வைத்திருப்பாராக. நான் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மழை விட்டால் குறையும்.

இஸ்ரவேல் அண்ணாச்சி மகன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் நான் பேச்சை எடுத்தாலே, அதை விடுங்கம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இதை முழுக்கப் படித்துவிட்டு, அப்புறம் கோபப்படு.

கோர்ட்டில் எனக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொல்லும்படி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய். தம்பியின் வாழ்க்கை உங்கள் கையில் என்றும் சொன்னாய். பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்படிச் சொல்ல என்னால் முடியாது. நீ அப்பா சொன்னதையும் டெபோரா அத்தை சொன்னதையும் கேட்டுவிட்டாய். இனி நான் சொல்வதைக் கேள்.

நம் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் முத்துராணியை உனக்குத் தெரியும். பாபநாசத்துக்கு மேலே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அங்கே வேலை நின்றதும் அவள் அம்மா இசக்கியம்மா கீழே இறங்கி வயல் வேலைக்குப் போகிறாள். இவள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவள். உன் தம்பி எபிக்குச் சாம்பார் ஊற்றியவள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து பாதியில் ஓடி வந்தாள். கூட வேலை செய்கிற பெண் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறாள். முத்துராணி போனை என் கையில் வைத்தாள். "ஆன்ட்டி, இது நம்ம வீடுதானே?" என்று மட்டும் கேட்டாள். வீடியோவில் குளிப்பது அவள்தான். அவளைப் பார்க்கக் கூசி, பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது உடைந்த இடத்தில் வெள்ளை ஓடு கிடைக்காமல் பச்சை ஓடு பதித்தாயே, அது அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்தது.

அந்தக் குளியலறை வென்டிலேட்டர் தெரிகிற ஜன்னல் மாடி அறையில் மட்டும்தான் இருக்கிறது. நான் ஏறிப் போனேன். எபி தலை சீவிக்கொண்டிருந்தான். கேட்டேன்.

"எல்லாவனுந்தாம்மா போடுதான். மூஞ்சி தெரியாதுன்னு நெனச்சேன்" என்றான்.

"ஏலே, மூஞ்சி தெரியலன்னா அவ மனுஷி இல்லையா?" என்று கேட்டேன். சீப்பைக் கீழே வைத்தான்.

அப்புறம் அவனே சொன்னான். ஒன்பதாம் வகுப்பில் வீட்டிலிருந்து படிக்க வாங்கிக் கொடுத்த போனில்தான் முதன்முதலில் அசிங்க வீடியோ பார்த்திருக்கிறான். முதல் தடவை பயமாக இருந்ததாம், தூக்கமே வரவில்லையாம். "அப்புறம் பழகிட்டும்மா" என்றான். பார்க்கப் பார்க்க இன்னும் மோசமானது வேண்டியிருந்திருக்கிறது. கடைசியில் ஒரு குரூப்பில் சேர்ந்திருக்கிறான். யாரும் பார்க்காத புதிய ஒன்றைப் போட்டால்தான் அங்கே இருக்க முடியுமாம். அதற்காக நம் வீட்டுப் பிள்ளையை எடுத்துப் போட்டிருக்கிறான்.

போனைக் கேட்டேன். கொடுத்தான். நான் அதை உடைத்துப் போட்டுவிடுவேன் என்று நினைத்துத்தான் கொடுத்தான். அது எனக்குத் தெரியும், ஜோஷுவா. நான் அதைப் பையில் போட்டுக்கொண்டு, முத்துராணியைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன்.

அன்றைக்கு அப்பா, "பெத்தவ செய்யுத வேலையா இது?" என்றார். பெத்தவதான் செய்யணும் என்றேன். அதோடு என்னிடம் பேச்சு இல்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். ஆனால் மறுநாள் காலையில் அவரே செங்கலும் சிமென்டும் கொண்டு வந்து அந்த வென்டிலேட்டரை அடைத்தார். முட்டுவலியோடு ஏணியில் நின்றுதான் அடைத்தார். ஜாமீனில் வந்த எபியை ராதாபுரத்தில் டெபோரா அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

எபி அந்தப் பெண்ணைத் தொடக்கூட இல்லையே என்று கேட்கிறாய். நடந்ததை எழுதுகிறேன். போலீஸார் சொல்லி ஒரு வெப்சைட்டிலிருந்து வீடியோவை நீக்கினார்கள். அடுத்த வாரம் அது இன்னொன்றில் வேறு தலைப்போடு வந்தது. அந்தத் தலைப்பை என் கையால் எழுதமாட்டேன். அதற்குள் அது எத்தனை கைக்குப் போயிற்றோ தெரியாது. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு ஆள் முத்துராணி கையைப் பிடித்து ஆட்டோவுக்குள் இழுத்திருக்கிறான். "எல்லாம் பாத்தாச்சு, இனி என்ன?" என்று சொல்லிக்கொண்டே இழுத்திருக்கிறான். அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டு அலறியிருக்கிறாள். கண்டக்டர்கள் ஓடி வந்து மீட்டார்கள். தோள் எலும்பு இறங்கிவிட்டது. எபி தொடவில்லை, சரி. தொட்டவனுக்கு அவளைக் காட்டிக் கொடுத்தது யார்?

இசக்கியம்மா மகளைக் கூட்டிப் போக வந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முத்துராணிதான் போகமாட்டேன் என்றாள். "நான் எதுக்கும்மா ஒளியணும்? ஒளிய வேண்டியவன் ராதாபுரத்துல அவன் அத்தை வீட்டுல இருக்கான்" என்றாள். கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்ட கட்டோடு கடைக்குப் போனாள். முதலாளி இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். இவள் கல்லாவை விட்டு நகரவில்லை. இப்போதும் நம் பின்கட்டில்தான் இருக்கிறாள்.

சபையில் பெண்கள் கூட்டத்தில் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் பெயரையும் மறைக்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவர், இதெல்லாம் ஆலய வளாகத்தில் பேசுகிற பேச்சா என்று கேட்டு ஆள் அனுப்பினார். பேச வேண்டிய இடத்தை அவரையே சொல்லச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஒரு சகோதரி என்னைப் பிடித்துக்கொண்டாள். பெயர் எழுதமாட்டேன், உனக்குத் தெரிந்த வீடுதான். அவள் கணவன் போனில் எதையோ காட்டி, இதே மாதிரி இரு என்பானாம். கழுத்தை நெரிப்பானாம். வேண்டாம் என்றால் அடியாம். சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். அவளுக்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கிறாள்.

அதனால் மனு எழுதினோம். மேலப்பாளையத்திலிருந்து ஃபஹ்மிதா டீச்சர் வந்து எழுதித் தந்தார். ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாத படத்தை எவனும் இன்டர்நெட்டில் ஏற்ற முடியக்கூடாது. ஒரு தடவை நீக்கிவிட்டால் அது திரும்ப எங்கும் வரக்கூடாது. வயதை உறுதி செய்யாமல் பிள்ளைகள் கையில் அசிங்க வீடியோ திறக்கக்கூடாது. மீறுகிற கம்பெனிக்குத் தண்டனை வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். திங்கட்கிழமை கொக்கிரகுளத்துக்குப் போய் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தோம். முத்துராணிதான் முன்னால் நின்றாள்.

வாங்கிய அதிகாரி, இந்தக் கம்பெனியெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறது, இங்கே இருந்து என்ன செய்ய என்றார். "வெளிநாட்டு மருந்த இங்க சோதிக்காமலா விக்க விடுதிய, சார்?" என்று கேட்டேன். மனுவில் சீல் குத்திவிட்டு, மேலே அனுப்புகிறேன் என்றார். அனுப்பினாரா என்று கேட்க மறுபடியும் போவோம். எப்படித் தடுத்தாலும் பையன்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். பூட்டை உடைக்கிறவன் இருக்கிறான் என்று நாம் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறோமா?

விசாரணை தேதி வந்துவிட்டது. நான் கூண்டில் ஏறுவேன். அந்தச் சுவர் என் வீட்டுச் சுவர் என்பேன். போனை என் மகன் கையிலிருந்து நான்தான் வாங்கினேன் என்பேன். அவன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எதைப் பார்த்து இப்படி ஆனான் என்பதையும் சொல்வேன். யார் தடுத்தாலும் சொல்வேன். நீ தடுத்தாலும் சொல்வேன். என் பொய்யால் தப்பித்து வருகிறவன் இந்த வீட்டுக்கு வரலாம், என் எபியாக வரமாட்டான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சின்னதிலிருந்து அவன் உன் பேச்சைத்தான் கேட்பான். அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று இனிமேல் அவனிடம் சொல்லாதே. செய்ததை ஒத்துக்கொள், அந்தப் பிள்ளை முன்னால் நில் என்று சொல். அவள் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவள் இஷ்டம்.

ராதாபுரத்துக்கு இரண்டு தடவை போனேன். அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கொண்டுபோன மீன்குழம்பை அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ரீபாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு எபியைக் கூப்பிட்டு, அவன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன் அம்மா,
பாக்கியவதி ஜேசுதாசன்