அடையாளம் எழுதும் கொப்பி

அன்பு மகளே,

அல்லாஹ் உன்னைக் காப்பானாக. முதலில் நல்ல செய்தி. உன் மூத்தவள் நதீரா சோதனையில் எட்டுப் பாடமும் சித்தி, அதில் நாலு டி, அதிவிசேடமாம். அவள் தம்பி ஜவுபர் ஓட்டத்தில் முதலாம் இடம். சின்னவன் குர்ஆன் ஓதி முடித்தான். அயலுக்கெல்லாம் சீனி கொடுத்தேன்.

வீடு எரிந்து வந்த தமிழ் அகதிகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். வழியில் பிரிந்துபோன அவர்களுடைய ஆட்களின் அடையாளத்தைக் கொப்பியில் எழுதி, மற்ற முகாம்களில் தேட நதீரா கூட்டாளிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறாள். என்னதான் கேட்கிறார்கள் என்று பார்க்க நானும் போனேன்.

"பேர் மட்டும் காணாது புள்ள, என்ன குடி எண்டும் கேளு" என்றேன். அவர்களுக்கும் நமக்கும் குடி என்கிற வம்சம் தாய்வழிதானே. மற்ற முகாம்களில் சாந்தி என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். குடியைக் கேட்டதால்தான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பூரணத்தின் மகள் சாந்தி கிடைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜவுபர் கொப்பியை எடுத்தான். "உம்மாவத் தேடுறெண்டா என்ன எழுதுற, உம்மம்மா?"

"வாயக் கழுவுடா" என்றேன். ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். பேர், குடி எல்லாம் சரி. "மெலிவா, தடிப்பா? நரை இரிக்கா?" என்றான். நீ போகுமுன் பிடித்த, ஆறு வருஷத்துக்கு முந்திய உன் படத்தை எடுத்தேன். சின்னவன் எட்டிப் பார்த்து, "இது நம்மட நதீரா ராத்தாதானே" என்றான். நதீரா கொப்பியை மூடிவிட்டாள்.

உன்னை வரச் சொல்லவில்லை. நதீராவின் சீதனத்துக்கு நீ உழைத்துக் கட்டும் வீட்டுக்கு இன்னும் ஓடு போடவில்லை என்பது எனக்கும் தெரியும். குவைத்தில் படம் பிடிக்கிற கடை இருக்குமே. நரை இருந்தால் மறைக்காமல், ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் உம்மா